நானூத்தி அஞ்சு

குனிங்க சார். அட, குனிங்கன்னா! கம்பம் மாதிரி நின்னா வாத்தெல்லாம் ஓரம் போயிடும். ம். அப்படி. ஸ்டாண்டுல கை வைக்காதீங்க.

கேமரா இல்ல. ஸ்கோப். தூரத்துல இருக்கிறதப் பக்கத்துல காட்டும், அவ்வளவுதான். அப்புறம் காட்டறேன். இப்ப எண்ணிட்டிருக்கேன். முந்நூத்தி அறுபது, அறுபத்தொண்ணு... பாத்தீங்களா, விட்டுடுச்சு. உங்களால. திரும்ப அந்தக் கல்லுலேருந்து ஆரம்பிக்கணும்.

சரி, வந்தது வந்துட்டீங்க, கைய நீட்டுங்க. இது எண்ணிக்கை ஏத்தற கவுண்ட்டர். நான் ம்-னு சொன்னா ஒரு அழுத்து. ஒரே ஒரு அழுத்து.

ம். ம். ம். கையுறையக் கழட்டுங்க சார், ரெண்டு ரெண்டா விழுது. குளிரா? எனக்கு மட்டும் வெயிலா அடிக்குது?

எதிர்க்கரைல பச்சைத் தொப்பி தெரியுதா? டீச்சரம்மா. கணக்கு டீச்சர், ரிட்டயர்டு. நான் லிஃப்ட் மெக்கானிக். நானும் ரிட்டயர்டு. வருஷா வருஷம் குளிர்காலத்துல ஒரு நாள் இந்த ஏரில பறவை எண்ணுவோம். அவங்க அந்தக் கரை, நான் இந்தக் கரை. பன்னெண்டு மணிக்குப் பாலத்துல நின்னு நம்பரைச் சொல்லணும். அதுவரைக்கும் ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. ஆறு வருஷமா எண்ணறோம். ஒரு வருஷமாவது ஒத்துப்போகணுமே! ம்ஹூம்.

எல்லாம் முக்குளிப்பான் பண்ற வேலை. அதோ, குட்டியா, பந்து மாதிரி. இங்க முங்கும், அங்க தலை தூக்கும். நான் ஒண்ணும்பேன், அவங்க ரெண்டும்பாங்க. போன வருஷம் பதினொண்ணு வித்தியாசம். ஒரு மணி நேரம் சண்டை. நான் தும்மும்போது கண்ண மூடிக்கிறேனாம், அதுல நாலு வாத்து போயிடுதாம். எப்படி இருக்கு பாருங்க! ம். ம். அழுத்துங்க சார், கதை கேட்டுட்டு நிக்காதீங்க.

இந்தத் தடவை ஒத்து வரணும். ஒண்ணு கூடக்கூடாது, ஒண்ணு குறையக்கூடாது. இல்லன்னா போச்சு. என்ன போச்சா? போச்சுன்னா போச்சு. காலைல காப்பி கூட இறங்கல எனக்கு.

முடிஞ்சுது. எவ்வளவு காட்டுது? நானூத்தி அஞ்சு. நல்லாப் பாருங்க. சரி, அட்டைல எழுதியாச்சு. பெரிய எழுத்தா? கண்ணாடி கொண்டு வரல. இந்தா, ஸ்டாண்டுல கிளிப்பு போட்டு மாட்டியாச்சு. ஏரிப் பக்கம் திரும்பிக்குச்சா? காத்து. காத்துதான், வேற என்ன.

இப்பவா? ஒண்ணும் பண்ணல. சும்மா ஸ்கோப்ப அந்தக் கரைப் பக்கம் திருப்பறேன். தொப்பி புதுசான்னு பாக்க. நீங்க எட்டிப் பாக்காதீங்க, லேடீஸ் இருக்காங்க.

அட. அவங்க அட்டையும் இந்தப் பக்கம் பாத்துத்தான் இருக்கு. நாலு... ஒண்ணு... ரெண்டு. நானூத்தி பன்னெண்டு. ஏழு கூட! அந்த முக்குளிப்பான் கழுத்தத் திருகணும்.

என்னது, நானும் ஏழு கூட்டிப் போட்டுடவா? இல்லாத வாத்தை எழுதச் சொல்றீங்க. முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் பாத்தவன் நான். நாலாவது மாடிய அஞ்சுன்னு சொன்னதில்ல. பேனா எங்க? சும்மா கேட்டேன் சார், எங்க வச்சேன்னு.

இருங்க, இருங்க. அவங்க ஸ்கோப் லென்ஸ் ஏன் முழு வட்டமாத் தெரியுது? ஏரியப் பாக்கல அது. இங்க பாக்குது. நம்ம அட்டையப் பாக்குது!

அட்டைய எடுக்கிறாங்க. நம்பர அடிக்கிறாங்க சார்! அரை மார்க் கேட்டுப் போனவனையெல்லாம் அழ விட்டு அனுப்பின அம்மா, தன் நம்பரைத் தானே அடிச்சு எழுதுது! நாலு. சைபர். அஞ்சு! திரும்ப நம்ம பக்கமே காட்டறாங்க!

ஐயையோ, பிடிங்க என்னை, குதிக்கிற மூட்டா இது.

என்ன, அந்தப் பக்கம் புதுக் கூட்டம் இறங்குதா? அம்பது இருக்குமா? இறங்கட்டும், யாருக்கு வேணும். ஸ்கோப்ப மூடுங்க.

எதுக்கு இவ்வளவு கூத்தா? ஒண்ணுமில்ல. போன வாரம் அவங்ககிட்ட, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டுட்டேன். நம்பர் ஒத்து வந்தா சரின்னாங்க. நகருங்க சார், வழிய மறிச்சுக்கிட்டு.