டாக்டருக்கும் பரீட்சை

“என் கால்ல இருந்த கட்டிய அறுத்த டாக்டர் பரீட்சைக்குப் போயிருக்காவ. பாசாயிட்டாவன்னு தெரியிற வரைக்கும் நான் காலை ஊன மாட்டேன்.”

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் மாட்டுவண்டியில், தலையணைமேல் காலை நீட்டியிருந்தவர் சொன்னது இது. அந்தக் கால் போக மிஞ்சிய மூலையில் அவர் மனைவியும் நானும் ஒடுங்கியிருந்தோம்.

“புண்ணு ஆறி ஒரு மாசமாச்சு,” என்றாள் மனைவி. “நடக்கச் சொல்லிட்டுத்தான் அவிய மதராசுக்குப் போனாவ.”

“அவியளே தோத்துட்டா, அவிய அறுத்த காலை எப்படிட்டி நம்புறது?”

வண்டிக்காரர் திரும்பினார். “அண்ணாச்சி, அவிய நேத்தே வந்தாச்சு. சாத்தூர் ஸ்டேசன்ல இருந்து என் வண்டியிலதான் வந்தாவ. பாசாயிட்டாவளாம். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஏழு வருசத்துக்கு ஒருக்க இப்படிப் பரீட்சை வைப்பாவளாம்.”

“நெசமாவா? வண்டிய நிறுத்துப்பா!”

இறங்கினார். காலை மெதுவாக ஊன்றினார், பிறகு ஓங்கி ஊன்றினார். வண்டியோடு கூடவே நடக்கத் தொடங்கிவிட்டார்.

“வெயிலு கொளுத்துது, ஏறுங்க.”

“சும்மா இரிட்டி. இன்னும் ஏழு வருசத்துக்குக் கவலையில்ல.”

அவள் தலையணையை இழுத்துத் தன் முதுகுக்கு வைத்து, காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.