றொனால்ட் சேருக்குக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது?

தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, மிருக வைத்தியர் சிவதர்சினி அவர்களே, றொனால்ட் சேரின் நினைவுக் கூட்டத்துக்கு முல்லைத்தீவிலிருந்து வந்திருக்கும் அவரின் உறவுகளே, எங்கள் பாலுற்பத்தியாளர் சங்கத்து அங்கத்தவர்களே! முன்வரிசையில் இருக்கும் சேரின் மனைவி யூலிற்றா தங்கச்சி, உங்களுக்கும் வணக்கம். நான் சங்கத் தலைவர் வீரகத்தி. நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். இப்போது பார்த்தால் எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. மனதில் வந்தபடி பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால்நடை உத்தியோகத்தர் கொன்ஸ்ரன்ரைன் றொனால்ட்! கடலிலும் களப்பிலும் சீவித்த குடும்பத்துப் பிள்ளை. இரணைமடுப் பக்கம் மாடு பார்க்க வந்த முதல் நாள் நாங்கள் என்ன சொன்னோம்? வலை இழுக்கிற ஆளுக்கு மாட்டில் என்ன அலுவல் என்று நக்கலடித்தோம். அப்புத்துரையின் எருமை வாய்க்கால் சேற்றில் புதைந்த அன்று, இடுப்பளவு சேற்றில் இறங்கி நின்றவர் யார்? றொனால்ட் சேர்! என் பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது, காற்சட்டையோடு சாணத்தில் படுத்துக் கன்றை இழுத்து எடுத்தவர் யார்? அதே றொனால்ட் சேர்! ஒன்பது வருடம் அப்படித்தான் இருந்தார்.

போன வருடம் எங்கள் பட்டிகளில் சினை மாடுகள் மாதம் நிறையாமலே வரிசையாகக் கன்று வீசின. ஆடுகளும் குட்டி வீசின. மேய்க்கப் போனவர்களுக்கு விடாத காய்ச்சல். கியூ காய்ச்சலாக இருக்கலாம் என்று முதலில் சொன்னவர் சேர்தான். கன்று போட்ட பிறகு விழுகிற இளங்கொடியில் அந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்குமாம். அது காய்ந்து, தூசியோடு பறந்து, மூச்சில் போகுமாம். ஆடு, மாடு, மான், மனிதர் எல்லோருக்கும் தொற்றுமாம்.

நாங்கள் இளங்கொடியை என்ன செய்கிறோம்? சாக்கில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுகிறோம். பால் வடிகிற மரத்தில் தொங்கினால் மாடும் பால் சொரியும், நாய் தின்றால் மடி வற்றும் என்பது எங்கள் நம்பிக்கை. சேர் சங்கக் கூட்டத்தில் கும்பிட்டுக் கேட்டார்: "மரத்தில கட்டாதேங்கோ. ஆழமாக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு போட்டுத் தாட்டு விடுங்கோ." எல்லோரும் சம்மதம் என்று கை உயர்த்தினோம். முதல் கை என்னுடையது.

கூட்டம் முடிந்து வாசலில் நின்று கதைத்தோம். றோட்டுக்கரை ஆலமரத்தில் கட்டினால்தானே சேரின் கண்ணில் படும்? காட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டினால் அவர் மனமும் நோகாது, பாலும் வற்றாது. என்ன மூளை பாருங்கள்! குரங்கும் மானும் திரிகிற இடத்துக்கு நாங்களே சுமந்துகொண்டு போனோம்.

சித்திரை மாதம், காற்று சுழற்றியடித்த ஒரு நாள், சேர் அந்த மரத்தைக் கண்டுவிட்டார். பதினொரு பொதிகள் தொங்கினவாம். கையில் கையுறை இருந்தது, முகக்கவசம் முடிந்துவிட்டது. நாளைக்கு வருவோம் என்று கூடப்போன அப்புத்துரை சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்குள் குரங்கு பிய்த்துப் போடும் என்று சேர் தானே மரத்தில் ஏறி, எல்லாவற்றையும் இறக்கித் தாட்டிருக்கிறார். மூன்றாம் கிழமை அவருக்குக் காய்ச்சல்.

அந்தப் பொதிகளாலா? தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் டெங்கு என்றார்கள். பிறகு எலிக்காய்ச்சல் என்றார்கள். பிறகு இருதய வால்வில் கிருமி என்றார்கள். கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு அடக்கம் முடிந்த பிறகு வந்தது. சந்தேகமாம், ஆனால் உறுதி இல்லையாம். இது என்ன பதில்? டொக்டர் சிவதர்சினியிடம் போய்க் கேட்டேன். காட்டிலிருந்து மாட்டுக்கு வந்ததா, மாட்டிலிருந்து காட்டுக்குப் போனதா என்பதே தெரியாது, பட்டிகளின் இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்லலாம் என்றார். இரத்தம் எடுக்க ஒரு வருடமாக விடாமல் மறித்தது யார்? நோய் என்று தெரிந்தால் பால் எடுக்க வருகிற வாகனம் நின்றுவிடும் என்று பயந்து மறித்த ஆள் நான்தான்.

இன்று காலை யூலிற்றா தங்கச்சி என்னிடம் வந்தார். "அண்ணை, அந்தப் பொதியளை ஆர் கட்டினதெண்டு இவருக்குத் தெரியும். கடைசி வரைக்கும் எனக்குச் சொல்லேல்லை. உங்களுக்குத் தெரியுமோ?" என்றார். நான் கதிரை அடுக்கப் போகிறவன்போல எழும்பிப் போய்விட்டேன்.

தங்கச்சி, பதினொன்றில் இரண்டு என்னுடையவை. தீவனச் சாக்கில் என் அங்கத்துவ இலக்கம் கறுப்பு மையால் பெரிதாக எழுதியிருந்தது. அதைக் கண்ட பிறகும் சேர் என் வீட்டுக்கு வந்தார், தேத்தண்ணி குடித்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. காட்டுக்குள் கட்டுவோம் என்ற யோசனையும் என்னுடையதுதான். உங்கள் மனிசனைக் கொன்றது நானா? எனக்குத் தெரியாது. படித்தவர்களுக்கும் தெரியவில்லை. குற்றம் என்னுடையது என்று அழவும் முடியவில்லை, இல்லை என்று நித்திரை கொள்ளவும் முடியவில்லை.

அங்கத்தவர்களே! திங்கட்கிழமை டொக்டர் இரத்தம் எடுக்க வருகிறார். முதலில் என் பட்டி. பிறகு உங்களுடையவை. பால் வாகனம் வராவிட்டால் வராமல் போகட்டும், சேர் தொடங்கிய வேலையை நாங்கள் முடிப்போம். என் சிவலைப் பசு இந்தக் கிழமை கன்று போடும். கிடங்கு வெட்டி, சுண்ணாம்பும் வாங்கி வைத்திருக்கிறேன். மடி வற்றிவிடுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை, ஆனாலும் தாட்டு விடுவேன். யூலிற்றா தங்கச்சி, என் சொல்லை நம்புங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. நீங்கள் வந்து, வேலிக்கு வெளியே, காற்று அடிக்காத பக்கமாக நின்று, உங்கள் கண்ணால் பாருங்கள்.