எத்தாளைக் கூரைகளை மறுபடி அளக்க வேண்டும்

அவைக்கு அணி செய்து அமர்ந்திருக்கும் தலைவர் ஹயாத்து முகம்மது ஹாஜியார் அவர்களே, எங்கள் வீடுகளின் வெப்பத்தை அளக்க வந்த மின்சார சபை அலுவலர் கஜமுகன் அவர்களே, கடலுக்குப் போய் வந்த களைப்போடு கதிரை தேடி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த உம்மாமாரே, அம்மாமாரே, நம் எத்தாளை ஊர்ப் பாடசாலையில் என்னிடம் படித்தவர்களே, படிக்காமல் தப்பியவர்களே, உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். மர்ளியா டீச்சரின் வணக்கம்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இந்த மேடை ஏறினேன்.

அரசும் மின்சார சபையும் சேர்ந்து ஒரு நல்ல திட்டத்தை நம் வாசலுக்குக் கொண்டுவந்தன. வெயிலில் வேகும் வீடுகளுக்குக் கூரை மேலே வெள்ளைப் பூச்சு, கூரைக்குக் கீழே சூடு தடுக்கும் சீலிங், மின்சாரத்தைக் கண்டபடி குடிக்கும் பழைய விசிறிக்குப் பதிலாகச் சிக்கனமான புதியது. செலவில் பெரும்பங்கு அவர்களுடையது. வீடு குளிர்ந்தால் மின்சாரம் மிஞ்சும், மின்சாரம் மிஞ்சினால் நாடு மூச்சு விடும். இதைவிட நியாயமான உதவி உண்டா? வீட்டுக்குள் எவ்வளவு சூடு, என்னென்ன ஓடுகிறது என்று வந்து பார்ப்பார்கள். அதிகம் வேகும் வீட்டுக்கு முதலிடம்.

நம் ஊரில் அதிகம் வேகும் வீடு எது? சின்னப் பிள்ளையும் சொல்லும், றோசலின் வீடு. வன்னியிலிருந்து ஒரேயொரு பையோடு வந்த குடும்பம். கணவர் யோகராசா, போரில் செல் குண்டு விழுந்து முதுகெலும்பு அடிபட்டவர். பகல் முழுக்கத் தகரக் கூரையின் கீழே அசையாமல் கிடக்கிறார். முதுகெல்லாம் படுக்கைப் புண். அந்தச் சூட்டில் புண் ஆறவே மாட்டேன் என்கிறது. கடகடவென்று ஓடும் ஒரு பழைய விசிறிதான் அவருக்குத் துணை.

அப்படியானால் உதவி பெறுவோர் பட்டியலில் முதற்பெயர் றோசலினா? இல்லை. கடைசிப் பெயர்கூட அவளுடையது இல்லை.

காரணம் நான். அளக்க வருவதற்கு முந்தின நாள் வீடு வீடாகப் போய், "பெரிய ஆக்கள் வாறாங்க, ஊட்டத் துப்பரவா வெச்சிக்கோங்க" என்று சொன்னேன்.

நான் கூட்டிப் பெருக்கத்தான் சொன்னேன். ஆனால் அலுவலர் வருகிறார் என்றால் இடம்பெயர்ந்த சனத்துக்கு என்ன ஞாபகம் வரும்? முகாம் ஞாபகம் வரும். இருப்பதைக் காட்டினால் நிவாரணத்தை வெட்டிவிடுவார்களோ என்ற பயம் வரும். றோசலின் விசிறியைச் சாக்குக்குள் ஒளித்தாள். வருகிறவர்களுக்கு வேர்க்கக் கூடாதென்று தகரத்தின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். புண் நாற்றத்துக்கு முகம் சுளிப்பார்கள் என்று கணவரைப் பக்கத்து வளவு மரநிழலில் கிடத்தினாள். மின்சார பில்லும் காணிக்காரர் பெயரில், மூன்று குடும்பத்துக்கும் பொதுவாக வருகிறது; அதிலும் அவள் விசிறி ஓடுவது தெரியாது. அலுவலர் வந்தார், அளந்தார். வீடு குளிர்ச்சி, விசிறி இல்லை, நோயாளி இல்லை. கண்டதை எழுதினார். அவரில் பிழை இல்லை.

யார் அங்கே சிரிப்பது, ரிஃபாஸா? சிரிக்க வேண்டாம் தம்பி. உங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜ் அன்றைக்கு ஆட்டுக் கொட்டிலில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும்.

பட்டியல் வந்த அன்று றோசலின் என் வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், ஒளிக்காமல் விட்டிருந்தா தந்திருப்பினமோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

வெட்கத்தை மறைத்தோம், வியர்வையை மறைத்தோம், வேதனையை மறைத்தோம். மறைத்து மறைத்தே உயிர் பிழைத்த சனம் இது. ஆனால் கை கொடுக்க வந்தவரிடமும் காயத்தை மறைப்பதா? போதும் தாய்மாரே. கதவைத் திறந்து வையுங்கள். விசிறியை ஓட விடுங்கள். நாம் வாழ்வதை வாழ்கிறபடியே பார்க்கட்டும்.

கஜமுகன் அவர்களே, பட்டியல் முடிந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். மறுபடி வாருங்கள். சொல்லாமல் வாருங்கள், உச்சி வெயிலில் வாருங்கள், இன்றே வாருங்கள்.

யோகராசாவைக் கதிரையோடு இங்கே தூக்கிவரக் காலையில் ஆள் அனுப்பினேன். அவரைப் பார்த்தால் உங்கள் மனம் இரங்கும் என்று நினைத்தேன். அவர் வர மறுத்துவிட்டார். "போன முறை என்னை வெளியில வச்சிட்டுத்தான் வீட்டை அளந்தவை. இந்த முறை நான் இதுக்குள்ளேயே கிடக்கிறன். என்னையும் சேத்து அளக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஒரு வாத்தியாரம்மாவின் பிழையைப் பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, ஸலாம், வணக்கம். அலுவலர் அவர்களே, வெளியே வெயில் ஏறிவிட்டது. எழுந்திருங்கள், போவோம்.