ஞானப்பூவின் அளவுத் தாள்கள்

ரவிக்கையில் கை ஒட்டுவதுதான் கஷ்டம். முன்பக்கம் பின்பக்கமெல்லாம் யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம், கைதான் தைத்தவளைக் காட்டிக்கொடுக்கும். நீ அந்த அளவுத் தாள்களைத் தரையில் விரித்தபோது நான் முதலில் பார்த்தது கை வளைவைத்தான். ஏழு தாளிலும் ஒரே சீராக இருந்தது. இந்த நேரத்திலும் இவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாளே என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், அமலோற்பவம்.

உன் அக்கா ஞானப்பூவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, அவளுடைய தகரப்பெட்டியை எடுத்துப்போக வந்தாய். துணி மிச்சம் ஏதும் இருக்குமா என்று என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைத் திறந்தாய். உள்ளே ரவிக்கை அளவுத் தாள்கள்தான் இருந்தன, எல்லாம் தினசரித் தாளில் வெட்டியவை. எல்லாவற்றிலும் நீலப் பென்சிலில் ஞானப்பூ என்று என் கையெழுத்து, ஓரத்தில் அச்சான தேதி. நீ ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாய். இரண்டு வருடத்தில் ஒரே பெண்ணுக்கு ஏழு அளவு, ஒவ்வொன்றும் முந்தியதைவிட அரை அங்குலம் பெரியது.

“அக்கா எளச்சுக்கிட்டே போனா. அவளுக்கு வெட்டின தாளு மட்டும் ஏன் பெருசாகிக்கிட்டே போகுது?” என்று கேட்டாய். நல்ல கேள்வி. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பங்குச் சாமியாரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்குள் வளைவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? பாதிப் பாவம் புரியாமலே மன்னித்துவிடுவார். உனக்குத் தைக்கத் தெரியும். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

நான் இந்த வீட்டின் மூத்த மருமகள். என் வீட்டுக்காரர் இஞ்ஞாசியும் அவருடைய தம்பி, உன் அத்தான் மரியசெல்வமும் சிறுமலை வாழைப்பழம் வாங்கி விற்கிறவர்கள். வீட்டுப் பெண்களுக்கு ஆண் தையல்காரன் அளவெடுப்பது அத்தைக்குப் பிடிக்காது. அதனால் எனக்கு ஒரு மெஷின் வந்தது. மெஷின் வந்ததும் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது.

1960ஆம் வருடம் ஒரு பத்திரிகையோடு ரவிக்கை வெட்டும் தாள் இலவசமாக வந்தது. நான் அதில் இருந்த படத்தைப் பார்த்தேனே தவிர அளவைப் பார்க்கவில்லை. படத்தில் இருந்தவள் முருங்கைக்காய் மாதிரி இருந்தாள். நான் எப்படி இருக்கிறேன் என்று நீயே பார்க்கிறாய். பாஸ்குத் திருநாளுக்கு அந்த ரவிக்கையை மூச்சைப் பிடித்து மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சிலுவை போட்டேன். நெற்றிக்குப் போன கை நெஞ்சுக்கு இறங்கியது, இடது தோளுக்குப் போகவில்லை. கொஞ்சம் எட்டினேன். அக்குளில் டர்ரென்று சத்தம் கேட்டது.

பக்கத்தில் உன் அக்கா, மூன்று மாதப் புதுப்பெண். “என்னக்கா, சிலுவ பாதி வழியில நின்னுபோச்சு?” என்றாள். பெண்கள் பக்கம் முழுவதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பாதிச் சிலுவை என்று பெயர். குழாயடியில் அந்தப் பெயர், கடைத்தெருவில் அந்தப் பெயர். என் வீட்டுக்காரர்கூட ஒருமுறை அப்படிக் கூப்பிட்டார், பிரியமாகத்தான்.

ஞானப்பூ கெட்டவள் இல்லை. அடுத்த வாரமே வருத்தப்பட்டாள். “எனக்கும் நீங்களே தச்சுக் குடுங்கக்கா. என் துணியிலயே பழகிக்கிடுங்க, கெட்டுப்போனா போகுது” என்றாள். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்ததைக்கூட மறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வெறியோடு பழகினேன். வருகிற தினசரியை யாரும் படிக்க விடாமல் வெட்டித் தள்ளினேன். 1961 தை மாதம் வெட்டியதுதான் நீ எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிற சின்னத் தாள். அந்த ரவிக்கை அவளுக்கு அப்படிப் பொருந்தியது. கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டாவது தாள் உண்மையிலேயே தப்பு, சத்தியமாகச் சொல்கிறேன். மடிப்பைக் கணக்குப் பண்ணாமல் வெட்டி, அரை அங்குலம் கூடிவிட்டது. “லூசா இருக்கேக்கா” என்றாள். தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுபடியும் பாதிச் சிலுவை ஆவதற்கு நான் தயாராக இல்லை.

“அளவெல்லாம் சரிதான். நீதான் எளச்சிட்ட” என்றேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அத்தையின் தம்பி இப்படி இளைத்து இளைத்துத்தான் காசநோய் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகுதான் மூன்றாவது தாள் வெட்டினேன். அது தப்பாக வெட்டியது இல்லை.

பழைய ரவிக்கைகள் காட்டிக்கொடுத்துவிடும் என்று உனக்குத் தோன்றும். கொக்கி தைக்கிறேன் என்று வாங்கி, உள்ளே மடித்திருந்த துணியில் ஒரு தையலைப் பிரித்து அவற்றையும் பெரிதாக்கிவிட்டேன். அதிலும் சோம்பல் படவில்லை. புதிதாகத் தைப்பதை வெறுமனே தொளதொளப்பாகத் தைத்திருக்கலாம், தாளே வேண்டியதில்லை. ஆனால் தோள் இறங்கிப்போகும், கழுத்து கோணும், தையல்காரியைத்தான் குறை சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் முழுதாகப் புதுத் தாள் வரைந்தேன். என் கர்வம் இல்லையென்றால் உனக்குச் சாட்சியே கிடைத்திருக்காது.

அந்த வியாதியின் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. அத்தை சொன்னார். அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வந்தது. மரியசெல்வம் கட்டிலை வேறு அறைக்கு மாற்றினார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார். “படம் என்னத்தக் கண்டுச்சு? ரவிக்க பொய் சொல்லுமா?” என்றார் அத்தை. என் தொழிலுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை கிடைத்ததில்லை.

ஒரே ஒரு தடவை அவள் என்னைத் திடுக்கிட வைத்தாள். “வளையல் மட்டும் அப்படியே இறுகலா இருக்கேக்கா?” என்று கையை நீட்டினாள். கண்ணில் அம்புட்டு ஆசை. “எலும்பு கரையாதுடி, சதைதான் கரையும்” என்றேன். கையை இழுத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு பல நாள் அப்படித்தான் இருந்தது. பயத்தில் இறங்காத சோற்றை வியாதியில் இறங்கவில்லை என்றார்கள். சீக்கிரமே அவள் முகமும் என் ரவிக்கைக்கு ஒத்துவர ஆரம்பித்தது.

1962 ஆடியில் செம்பட்டிக்கு, உங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் ஏறும்போது, “குணமானதும் வாரேன்க்கா, அதுவரைக்கும் அவரப் பாத்துக்கிடுங்க” என்றாள். வேண்டியது நடந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு தாள். கடைசித் தாளைப் பார், சீனச் சண்டைச் செய்தி இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு என்று தைத்து ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். அதைப் போட்டுப் பார்த்த அன்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை என்று நீதான் சொன்னாய். ஏன் அனுப்பினேன் என்று கேட்டால், நீல நிறத்தில் மெல்லிய வாயில் துணி கொஞ்சம் மிச்சம் இருந்தது என்றுதான் சொல்ல வருகிறது. உன் அக்காவுக்கு வியாதி எதுவும் இல்லை, அமலோற்பவம். என் ரவிக்கைகள்தான் இருந்தன.

சாவுச் செய்தி வந்ததும், அடக்கத்துக்குப் போடுவதற்கென்று வெள்ளையில் ஒரு ரவிக்கை தைத்து எடுத்துக்கொண்டு செம்பட்டிக்கு வந்தேன். முதல் தாளை வைத்து வெட்டினேன். ஒரு நூல்கூடக் கூட்டவில்லை. அவளுக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு பேர் நுழைகிற மாதிரி இருந்தது. முதுகுப் பக்கம் நாலு ஊக்குக் குத்தி இறுக்கினோம். ஊக்கு எடுத்துக் கொடுத்தது நீ.

அப்போதுதான் நான் ஓவென்று அழுதேன். “மூத்தவளுக்கு எம்புட்டுப் பாசம்” என்று உன் அம்மா சொன்னார். நீயும் என் தோளைக் கட்டிக்கொண்டாய். அதை மட்டும் நான் உன்னிடம் திருத்திச் சொல்லியாகவேண்டும். நான் பாசத்தில் அழவில்லை. அத்தனை நாள் கழித்து நேர்மையாக ஒரு ரவிக்கை தைத்தேன், அதுவும் அவளுக்குச் சேரவில்லையே என்றுதான் அழுதேன்.