செம்மல் கேட்ட கதை

பூச்சிமருந்து கலந்த மல்லாட்டை விதையை, அதாவது விதைக்கிற வேர்க்கடலையை, நிழலில்தான் உலர்த்த வேண்டும் ஐயா. வெயிலில் போட்டால் தோல் உரிந்துபோகும். அதனால்தான் முறத்தைக் கூடத்தில் வைத்தேன். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒலக்கூரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

பேராசிரியர் சக்கரபாணி, ஓய்வு பெற்றவர், விழுப்புரத்தில் எங்கள் இலக்கிய வட்டத்துக்குத் தலைவர். 'சிறுகதைச் செம்மல்' என்பது அவர் பட்டம். பட்டம் கொடுத்த குழுவுக்கும் அவரே தலைவர். மாதக் கூட்டத்தில் முதலில் அவர் பேசுவார், பிறகு உறுப்பினர்கள் கதை வாசிக்கலாம். அந்தப் 'பிறகு' வருவதற்குள் மண்டபத்துக்காரன் மின்விசிறியை நிறுத்திவிடுவான். வாழ்க்கையில் ஒரே ஒரு கதை எழுதியவன் நான். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பல வருஷம் போனேன், அப்படியே திண்டிவனம் பஸ்ஸில் திரும்பி வந்தேன். போன மாதம் துணிந்து எழுந்து நின்றேன்.

"மல்லாட்டைக்காரனுக்கு இன்னாப்பா அவசரம், ஒக்காரு" என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன்.

சம்பவத்தன்று எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு வந்தவர், என் கதையைக் கேட்டுவிட்டே போவதாக வாக்குக் கொடுத்து மதியம் வீட்டுக்கு வந்தார். நான் பைக்குள் கைவிடுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். ஏதோ பழைய கதை; அதில் தீமையும் சபலமும் எப்படி வாசகனைப் பிடித்து ஆட்டுகின்றன என்று. பேசிக்கொண்டே கை முறத்துக்குப் போயிற்று. எங்கள் பக்கம் முறத்தில் மல்லாட்டை இருந்தால் வந்தவர் கேட்கமாட்டார். எடுத்துக் கொறிப்பதுதான் மரியாதை. பருப்பும் சிவப்பு, மருந்தும் சிவப்பு. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். நிஜமாகவே எடுத்தேன். ஆனால் குறுக்கே பேசினால் அவருக்குப் பிடிக்காது.

"தீமை கதவ ஒடைச்சிக்கினு வரக்கூடாது தென்னரசு. கைக்கு எட்டுற எடத்துல சும்மா ஒக்காந்துக்கினு இருக்கணும். படிக்கிறவனுக்குத் தெரியணும், மாட்டுனவனுக்குத் தெரியக்கூடாது. அதுதான்யா சஸ்பென்ஸ்" என்றார், அடுத்த பிடியை அள்ளிக்கொண்டே.

அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடு வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பின்வாசலில் என் மனைவி பாஞ்சாலியின் கொலுசு கேட்டது. முறம் அவள் கண்ணில் படுமுன் போய்ப் பால் வாங்கி வரச் சொன்னேன். வீட்டிலேயே பால் இருக்கிறதே என்றாள். ஐயாவுக்குக் கறந்த பால்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

"லேசா கசக்குதே" என்றார் அவர்.

"புது ரகங்க ஐயா. போகப்போக சரியாயிடும்."

முறத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். வயசானவர், எட்டி எட்டி எடுக்கிறாரே என்றுதான்.

கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. வியர்த்துக் கொட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தார். ஆஸ்பத்திரி என்றார். என் வண்டியிலேயே திண்டிவனம் கொண்டுபோயிருக்கலாம். சாவிக்காகத்தான் சட்டைப் பையில் கைவிட்டேன். கைக்குக் கதை வந்தது.

வாசித்தேன். அவசரப்படாமல், ஏற்ற இறக்கத்தோடு. நடுவில் ஏதோ சொல்லப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி வரி வரைக்கும் அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.