மாறிப்போன மரை

ஏழு மணி அடிக்கப் போகிறது. இருட்டியும் இருட்டாத நேரம்... கல் குவாரிக்குப் போகிற இறக்கம். இரண்டு பக்கமும் ஒரு வீடு கிடையாது. மழை அப்போதுதான் விட்டிருந்தது.

நடந்தது நம் போஸ்ட்மேனின் சகலைக்கு. கார் மெக்கானிக். கதை விடுகிற ஆள் இல்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினாலே அதிசயம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் லைட்டைப் போடச் சொல்லி என்னைப் படுத்தக் கூடாது.

அன்று அவர் ஓட்டிக்கொண்டு வந்தது ஒரு பழைய பச்சைக் கார். கம்பிச் சக்கரம் போட்டது. சைக்கிள் சக்கரம் மாதிரிதான் இருக்கும். நடுவில் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. அதைச் செம்புச் சுத்தியலால் அடித்துத்தான் இறுக்க வேண்டும். நட்டு ஏறுகிற திருகு மரை இடப்பக்கம் ஒரு திசை, வலப்பக்கம் எதிர்த்திசை. வண்டி ஓட ஓட நட்டு தானாக இறுகிக்கொள்ளும். பக்கம் மாறினால்... ஓட ஓடக் கழலும்.

இது தெரியாத ஆளா அவர்? போன வருஷம் இதே காருக்குப் பின் பிரேக் பார்த்தவரும் அவர்தான். ட்ரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூவெல்லாம் எண்ணெய். எண்ணெய் கசியாமல் அடைக்கிற சீல் போயிருந்தது. அதை மாற்ற, சக்கரத்தைத் தாங்குகிற, அந்த மரை வெட்டிய ஹப்பையும் உருவ வேண்டும். ஒரு பக்கத்தை மூடிய பிறகே மறுபக்கத்தைத் திறப்பது அவர் வழக்கம். அன்றைக்கு சினிமாவுக்கு நேரமாகிவிட்டதென்று வீட்டுக்காரி வாசலில் நின்று முறைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் திறந்தார். இரண்டு ஹப்பும் ஒரே மண்ணெண்ணெய்த் தட்டில் கிடந்தன. எது எந்தப் பக்கம்? பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. மாட்டிவிட்டார். நட்டை அடிக்கும்போது கை ஒரு கணம் நின்றது... திசை மாறி அடிக்கிறோமோ? கைக்குத் தெரிந்துவிட்டது. அவர்தான் கேட்கவில்லை.

மறுநாள் இந்த இறக்கத்தில் பின்சக்கரம் தனியாக உருண்டு ஓடியது. காருக்குச் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். அங்கேயே உயிர் போய்விட்டது.

வண்டியை இழுத்துவரப் போனவரும் நம் ஆள்தான். யாரும் பார்ப்பதற்குள் ஹப்புகளைப் பக்கம் மாற்றிச் சரியாக மாட்டிவிட்டார். டாக்டர் கண்மண் தெரியாமல் ஓட்டினார் என்று ஊரே முடிவு கட்டியது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. டாக்டர் வீட்டம்மா அவரிடமே வந்து அழுதார்.

"நான்தாங்க சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்கன்னு ஃபோன் பண்ணி அவசரப்படுத்தினேன். நானே அவரைக் கொன்னுட்டேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா ஒரு வருஷமாகச் சுமப்பது இவர் செய்த பாவத்தை. அது இவருக்கு நன்றாகத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அடிபட்டதைச் சரிசெய்து நிறுத்திவைத்திருந்த காரை இப்போது விற்கப் போகிறார்கள். பின் பிரேக்கை மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்று அந்த அம்மாவே சொல்லி அனுப்பியிருந்தார். பார்த்தார். ஒரு பக்கத்தை மூடிவிட்டு மறுபக்கம். மரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். காரை டாக்டர் வீட்டில் விட்டுவிட்டு வரத்தான் அன்று இந்த வழியில் வந்துகொண்டிருந்தார்.

இறக்கம் தொடங்கியது... டக்.

பின்னால்.

டக்... டக்... டக்...

நிறுத்தி இறங்கினார். வலப்பக்க நட்டு அரைச்சுற்று கழன்றிருந்தது. மரை சரிதான், ஹப் சரிதான். அடித்து இறுக்கினார். கொஞ்ச தூரம் போயிருப்பார்... டக். அதே நட்டு. தொட்டால் விரலில் பிசுபிசு என்று ஏதோ ஒட்டியது. மோந்து பார்த்தார். பிரேக் எண்ணெய் இல்லை. கிராம்புத் தைலம்... பல் டாக்டர் ரூமுக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாசனை.

நடுரோட்டில் எங்கிருந்து வந்தது கிராம்பு? மிச்ச தூரத்தை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டே டாக்டர் வீடு போய்ச் சேர்ந்தார்.

சத்தம் கேட்டு அந்த அம்மா வெளியே வந்தார். கையிலிருந்த ஃபோனைக் காரின் மேல் வைத்துவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினார்.

"விக்கறதுக்கு முன்னாடி அந்த இறக்கம் வரைக்கும் நானே ஒரு தடவை ஓட்டிட்டுப் போய்ட்டு வரேங்க. அவர் கடைசியா வந்த வழி."

"வேண்டாம்மா... இருட்டிடுச்சு."

"இனிமே எனக்கென்ன ஆயிடப் போகுது? குடுங்க."

கொடுத்தால் இந்த அம்மாவும் திரும்பி வர மாட்டார். பிரேக் இன்னும் சரியாகவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பழைய பொய்யை ஒரு வருஷம் சுமந்ததே போதும் என்றிருந்தது.

"அம்மா, நீங்க அவரைக் கொல்லலை. ஹப்பை மாத்திப் போட்டது நான். சக்கரம் என்னாலதான் கழண்டுச்சு. அப்புறம் யாருக்கும் தெரியாம சரி பண்ணி வச்சதும் நான்தான்."

அந்த அம்மா அழவில்லை, திட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெட்கமும் கூடவே ஒரு நிம்மதியும். குனிந்து நட்டைத் தொட்டுப் பார்த்தார். அசையவில்லை. முழு பலத்தோடு திருகிப் பார்த்தார். இரும்போடு இரும்பாக இறுகிக் கிடந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தார்.

அப்போது வீட்டுக்குள் பேச்சுக் குரல் கேட்டது. அந்த வீட்டில் அந்த அம்மாவைத் தவிர வேறு யாரும் கிடையாது. ஃபோன் இங்கே காரின் மேல் கிடக்கிறது.

"கேட்டீங்கல்ல? அவரே வாயால சொல்லிட்டார்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"புள்ளைகுட்டிக்காரருங்க... விட்டுடுங்க."

மறுபடி சத்தமில்லை. இந்தத் தடவை ரொம்ப நேரம்...

பிறகு அந்த அம்மா பெருமூச்சு விட்டார்.

"சரி... உங்க இஷ்டம்."