தோலில் தப்பிய கிழங்கு

கடலைத் தடுத்துக் கழனி கண்ட ஃப்ரீஸ்லாந்தின் கண்மணிகளே! என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் உழவர் சங்கத் தலைவர் ஹாய்ட்ஸ்மா அவர்களே! முன்வரிசையை விட்டுக்கொடுக்காத மூத்தோர்களே! காப்பியும் கேக்கும் தந்து எங்களைக் காக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், இலையைக் கிள்ளி ஆராயும் இந்த ஆய்வகத்துக்காரியின் அன்பு வணக்கம்!

இன்று ஓர் உருளைக்கிழங்குக்குப் பெயர் சூட்டுகிறோம். அதைப் பெற்றெடுத்த ரொம்மர்ட்டும் அவர் மனைவி ரின்ஸ்கேயும் அதோ அமர்ந்திருக்கிறார்கள்.

புது ரகம் தேடி விதையிலிருந்து வளர்த்த நாற்றைத் தோண்டியதும் நாம் என்ன செய்வோம்? கண்ணால் பார்ப்போம். கோணலா? கழி! கண் குழிந்திருக்கிறதா? கழி! கழித்ததெல்லாம் எங்கே போகும்? சமையலறைக்கு! ரொம்மர்ட்டும் அப்படித்தான் செய்தார். ஆனால் அவர் வயலில் மருந்து தெளிக்காதவர். கோடைதோறும் கருகல் நோய் வந்து இலையைத் தின்றது. அந்த ஆண்டு மனைவியிடம் சொன்னார்: "இந்த நாத்துலயும் ஒண்ணும் தேறலைன்னா நிலத்தை வித்துடலாம், ரின்ஸ்கே."

அந்த நாற்றுகளின் இலைகள் எங்களிடம் வந்திருந்தன. நோயைத் தாங்கும் மரபணுக்கள் இரண்டு; ஒவ்வொன்றை ஒட்டியும் ஓர் அடையாளம் இருக்கும். இலையில் இரண்டும் தெரிந்தால், நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் சோதனை முடிந்தபோது அறுவடையும் முடிந்திருந்தது. நான் தொலைபேசியில் அழைத்தேன்.

"ரொம்மர்ட், ரெண்டு அடையாளமும் சேர்ந்த செடி ஒண்ணே ஒண்ணு! அந்த ஊதாக் கண்ணு கிழங்கு. பத்திரமா இருக்குல்ல?"

மறுமுனையில் ஓர் அலறல்: "ரின்ஸ்கே! அடுப்பை அணை!"

"ஏன்யா, பசிக்கலையா?"

"சட்டியில என்ன கிழங்கு?"

"நீ கழிச்சுப் போட்ட கோணக்கிழங்குதான். கீரையோட மசிச்சாச்சு."

அங்கே யார் சிரிப்பது? ஐயா, உங்கள் வீட்டுச் சட்டியில் என்னென்ன மசிந்ததோ, யாருக்குத் தெரியும்!

ரொம்மர்ட் நாற்காலியில் சரிந்துவிட்டாராம். ரின்ஸ்கே அவர் தோளைத் தொட்டார். "எழுந்திருய்யா. தோலை இன்னும் கோழிக்குப் போடல."

அன்பர்களே! அந்த வீட்டில் காலமெல்லாம் ஒரே சண்டை. "இவ்வளவு தடியாவா சீவுவ? பாதிக் கிழங்கு கோழிக்கே போகுது!" என்பார் ரொம்மர்ட். அன்றைக்கோ முளைவிடும் கண்கள் ஆழமாய்க் குழிந்த கிழங்கு. அந்த அம்மா அவற்றைச் சதையோடு தோண்டி எடுத்திருந்தார். எந்தக் குழிக்காகக் கழித்தோமோ, அந்தக் குழிதான் அதைக் காத்தது!

அந்தத் துண்டுகளை ஈரமண்ணில் புதைத்து, சமையலறை ஜன்னலோரம் குளிர்காலம் முழுக்கக் கண்ணாய்க் காத்தார் ரின்ஸ்கே. ஒவ்வொன்றாய் அழுகின. ஒன்று மட்டும் முளைத்தது. அதன் பூவை அழகான கிழங்கின் பூவோடு சேர்த்தார்கள். பிறந்த பிள்ளைகளில் பல ஆண்டுகள் இலை பார்த்து நான் தேர்ந்தேன். உருவம் பார்த்து ரொம்மர்ட் தேர்ந்தார்.

இந்தக் கோடையில் மீண்டும் கருகல் வந்தது. சுற்றிலும் வயல்கள் கறுத்தன. ஒருநாள் ரொம்மர்ட் தொலைபேசியில் அழைத்தார். காற்றில் இலைகள் சலசலக்கும் ஓசைதான் கேட்டது. பிறகு ரின்ஸ்கேயின் குரல்: "பச்சையா நிக்குதும்மா. இவரு போனை இலைக்குள்ள பிடிச்சுக்கிட்டு அழறாரு." நானும் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

சற்று முன் வாசலில் பெயரைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம். "என் பேரா? ஊரே என்னைப் போட்டு வேகவைக்கும்யா!" என்றார் அந்த அம்மா.

ரொம்மர்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேகட்டும். இனிமே நீ எவ்வளவு தடியா வேணாலும் சீவிக்கோ. நான் வாயே திறக்க மாட்டேன்."

பொறுமையாய்க் கேட்ட பெருமக்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. உங்கள் வயல்களுக்கு என் வணக்கம். இந்தக் கிழங்கின் பெயர், ரின்ஸ்கே!